பாதி வாள்

"அதே வாள்தானே, அதே இரும்புதானே. இதில் உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று அந்த வியாபாரி கேட்டார். நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். தெற்குக் கலிஃபோர்னியாவில் மாதம் ஒருமுறை கூடும் ஒரு பழம்பொருள் சந்தை அது. காலை பத்து மணி வெயிலில், என் ஒரு கையில் கத்தியின் அலகும் இன்னொரு கையில் அதன் பிடியும் தனித்தனியாக இருந்தன. முந்தைய வருஷம் அவரிடமே வாங்கியது. இரண்டாம் உலகப்போரின்போது பழைய குதிரைப்படை வாளை அறுத்துச் செய்த சண்டைக்கத்தி என்று சொல்லித்தான் கொடுத்தார். வாள் உண்மை. அறுத்ததும் உண்மை. அறுத்த காலம் மட்டும் பொய். அவர் சண்டைக்கு வரவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். மூன்று வருஷமாக அந்தக் கேள்வி எனக்குள் கிடக்கிறது. எழுதினாலாவது தெளியுமா என்று பார்க்கிறேன்.

எனக்கு இந்தப் பித்து எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிறந்தது மானாமதுரைப் பக்கம். திருப்பாச்சேத்தி அருவாளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பக்கம் நல்ல அருவாள் என்றால் லாரிப் பட்டையில் அடித்ததுதான். பத்து வருஷம் நெல்லும் செங்கல்லும் சுமந்து, குண்டும் குழியுமான ரோட்டில் வளைந்து நிமிர்ந்து பழகிய இரும்பு அது. அப்பாவோடு பட்டறைக்குப் போய்த் துருத்திப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பழைய பட்டைகள் மூலையில் கிடக்கும். ஆசாரி ஒவ்வொன்றாக எடுத்துச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். "சத்தம் சொல்லிரும்ப்பா, எது அருவாளுக்கு ஆகும், எது ஆகாதுன்னு" என்பார். செக்கச் சிவந்த இரும்பைத் தண்ணீரில் விட்டுத் துவைச்சல் போடும்போது வரும் அந்தச் சீற்றம் இன்னும் காதில் இருக்கிறது. ஒரு பொருள் தன் முதல் வேலையை முடித்துவிட்டு இரண்டாவது பிறவி எடுக்கும் என்பது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. வேலைக்காக அமெரிக்கா வந்து பல வருஷம் கழித்து, ஒரு நண்பர் வீட்டில், வாளிலிருந்து அறுத்த ஒரு கத்தியைக் கையில் வாங்கியபோது எனக்கு அந்தப் பட்டறைதான் ஞாபகம் வந்தது.

பேட்டனின் வாள்

அமெரிக்காவில் இப்படி அறுபட்ட வாள்களில் அதிகம் பேசப்படுவது 1913 மாடல் குதிரைப்படை வாள். பிற்காலத்தில் டாங்கிப் படைத் தளபதியாகப் பேர் வாங்கிய ஜார்ஜ் பேட்டன் வடிவமைத்தது அது. அப்போது அவர் இளம் லெஃப்டினன்ட். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் நவீன ஐந்திறப் போட்டியில் ஐந்தாவதாக வந்தவர். அங்கிருந்து பிரான்சின் சோமூர் குதிரைப்படைப் பள்ளிக்குப் போய், ஐரோப்பாவின் மிகச் சிறந்த வாள் ஆசிரியர்களில் ஒருவரிடம் பாடம் கேட்டார். வெட்டுவதைவிடக் குத்துவதுதான் குதிரைவீரனுக்குப் பலன் தரும் என்ற முடிவோடு ஊர் திரும்பினார். அதன்படி, அதுவரை இருந்த வளைந்த வாளுக்குப் பதிலாக நேரான, இருபுறமும் கூருள்ள, ஏறக்குறைய 35 அங்குல அலகும், கையை முழுக்க மூடும் இரும்புக் கிண்ணக் காப்பும் கொண்ட வாள் வந்தது. குதிரை மேல் முன்னால் சாய்ந்து, கையை நீட்டி, ஈட்டியைப் போலப் பிடித்துப் பாய வேண்டும். பேட்டனே அதற்குப் பயிற்சி நூலும் எழுதினார். கன்சாஸின் ஃபோர்ட் ரைலியில் வாள் பயிற்சிக்குத் தலைமை ஆசிரியராகவும் இருந்தார்.

அருமையான வாள். கையில் எடுத்தால் அதன் சமநிலை தெரியும். ஆனால் அது பிறந்த நேரம் சரியில்லை. 1914-ல் ஐரோப்பாவில் போர் தொடங்கியது. முள்கம்பிக்கும் இயந்திரத் துப்பாக்கிக்கும் முன்னால் குதிரை என்ன செய்யும்? ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையிலும், கனெக்டிகட் மாநிலத்தின் நியூ பிரிட்டனில் இருந்த லேண்டர்ஸ் ஃப்ரேரி அண்ட் கிளார்க் கம்பெனியிலும் ஆயிரக்கணக்கில் செய்த அந்த வாள்கள், தங்களுக்கான வேலையைச் செய்யாமலே கிடங்குக்குப் போயின. 1918-ல் அதே நியூ பிரிட்டன் கம்பெனிதான், வெண்கலத்தில் விரல்முட்டி வளையம் வைத்த பதுங்குகுழிக் கத்தியையும் அமெரிக்க ராணுவத்துக்குச் செய்து கொடுத்தது. கையெட்டும் தூரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சாக வேண்டிய பதுங்குகுழிக்கு நீள வாள் உதவவில்லை, குட்டைக் கத்திதான் வேண்டியிருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் பழைய கிரா ரகத் துப்பாக்கிகளின் முனையில் மாட்டும் பயோனெட்டுகளை அறுத்துக் கத்தியாக்கிக்கொண்டதும் இதே காரணத்தால்தான்.

1934-ல் அமெரிக்கக் குதிரைப்படை வாளை ஒட்டுமொத்தமாகக் கைவிட்டது. 1942 ஜனவரி 16 அன்று பிலிப்பைன்ஸின் மோரோங் கிராமத்தில், அமெரிக்க ராணுவத்தின் கடைசிக் குதிரைப்படைத் தாக்குதல் நடந்தது. எட்வின் ராம்சே தலைமையில் 26-ஆம் குதிரைப்படையைச் சேர்ந்த பிலிப்பைன்ஸ் வீரர்கள் பாய்ந்தபோது அவர்கள் கையில் இருந்தவை கைத்துப்பாக்கிகள். பேட்டனின் வாள் தன் கடைசிச் சந்தர்ப்பத்துக்கும் போகவில்லை.

போனது வேறு ரூபத்தில். பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கிய பிறகு லட்சக்கணக்கான பையன்கள் படையில் சேர்ந்தார்கள். எல்லாருக்கும் கொடுக்க ராணுவத்திடம் சண்டைக்கத்தி இல்லை. கடற்படைக் காலாட்களுக்கான புகழ்பெற்ற கத்தி தேர்வானதே 1942 கடைசியில். ராணுவத்தின் எம்3 கத்தி 1943-ல்தான் வந்தது. நல்ல எஃகு கிடைப்பதும் கஷ்டம். ஆனால் பழைய ராணுவச் சாமான் கடைகளில் பேட்டன் வாள்கள் கிடந்தன. ஏற்கெனவே பதம் போட்ட எஃகு. உலையில் வைக்க வேண்டாம், அடிக்க வேண்டாம். அறுத்து, முனை தீட்டி, பிடி போட்டால் கத்தி. லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய கிளெண்டேலில் ஆண்டர்சன் என்ற பெயரில் வார்ப்புப் பிடி போட்டு வந்த கத்திகள் இந்த வகையில் பேர்பெற்றவை. பெயரில்லாமல் செய்தவர்கள் இன்னும் அதிகம். கப்பல் பட்டறைக்காரர்கள், ரயில்வே மெக்கானிக்குகள், வீட்டுக் கொட்டகையில் அரமும் ரம்பமும் வைத்திருந்த அப்பாமார்கள். விமானக் கண்ணாடித் துண்டு, தோல் வட்டு, அலுமினியம், பேக்லைட் பிளாஸ்டிக் என்று கையில் கிடைத்ததை அடுக்கிப் பிடி செய்தார்கள்.

இந்தக் கத்திகளில் நான் முதலில் பார்ப்பது அலகின் நடுவே ஓடும் நீளப் பள்ளத்தை. ரத்தம் வடிவதற்காக என்று பலர் சொல்வார்கள். அது தவறு. எடையைக் குறைக்கவும் அலகை விறைப்பாக வைத்திருக்கவும்தான் அந்தப் பள்ளம். கத்தியாகவே பிறந்த கத்தியில், முனை வருவதற்கு முன்பே பள்ளம் மெல்ல மங்கி முடிந்துவிடும். அறுபட்டதில், நேராக ஓடி முனையில் போய் விழும். 1943-ல் அமெரிக்க ராணுவமே 16 அங்குலத் துப்பாக்கி பயோனெட்டுகளைத் திரும்ப வாங்கி 10 அங்குலமாக அறுத்தது. அவற்றையும் புதிதாகவே 10 அங்குலமாகச் செய்தவற்றையும் சேகரிப்பாளர்கள் பிரித்துப் பார்ப்பது பெரும்பாலும் இதை வைத்துத்தான். முனை வரை ஓடி, சட்டென்று இல்லாமல் போகும் அந்தப் பள்ளத்தைப் பார்க்கும்போதெல்லாம் பாதியில் நின்ற பேச்சு மாதிரி இருக்கும் எனக்கு.

பிடிக்குள் இருந்தது

சந்தையில் நான் வாங்கியது வாளின் முனைப்பக்கப் பாதி. அதாவது பேட்டன் வாளின் சொந்த முனை அப்படியே இருந்தது. வாளில் பிடிக்குள் போகும் வால் கைப்பிடிப் பக்கத்தில்தான் இருக்கும். ஆகவே முனைப் பாதியைக் கத்தியாக்குபவர், அலகையே இரண்டு பக்கமும் தேய்த்துப் புதிதாக ஒரு வால் செய்ய வேண்டும். என் கத்தியின் பிடி தோல் வட்டுகளால் ஆனது. கறுத்து, வியர்வை ஏறி, விளிம்பில் வெடித்து, எண்பது வருஷம் பார்த்த மாதிரி இருந்தது. ஒரு வருஷம் அதை மேசையில் வைத்திருந்தேன். ராத்திரி வேலை முடிந்து அதைக் கையில் எடுத்து, இதைப் பிடித்த கை எந்தத் தீவில் இறங்கியதோ என்று நினைத்துக்கொள்வேன். குவாடல்கனால், தராவா என்று வரைபடம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த இரவுகள் உண்டு.

பாலைவனக் காற்று அடிக்கும் ஒரு அக்டோபரில் தோல் சுருங்கிப் பிடி ஆட ஆரம்பித்தது. ஒரு நாள் கையோடு வந்துவிட்டது. உள்ளே வாலைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி, லேசான மஞ்சளில் பசை. எனக்கு அதை விளக்கில் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு ட்யூபைப் பிதுக்கித் தீக்குச்சியால் கலந்து, உடைந்த பொம்மை முதல் டிரான்ஸிஸ்டர் ரேடியோ மூடி வரை அம்மா ஒட்டிய அதே அரால்டைட் வகைப் பசை. அந்த எபாக்சிப் பசை கடைக்கு வந்ததே போர் முடிந்த பிறகு. பசையைச் சுரண்டினேன். கிரைண்டர் கீறல்கள் புதுச் சில்லறை மாதிரி பளபளத்தன. ஓரத்தில் சூட்டில் ஏறிய நீலம் அழியாமல் இருந்தது. துரு ஒரு பொட்டு இல்லை. என் கையில் இருந்தது, சமீபத்தில் யாரோ ஒரு முழு வாளை அறுத்துச் செய்த பாதி. மற்றப் பாதி, முத்திரையும் எண்ணும் உள்ள கைப்பிடிப் பக்கம், இன்னொரு கதையோடு இன்னொருவர் வீட்டில் இருக்கும்.

அதைத்தான் எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். அவரை நான் போலி செய்தவர் என்று சொல்ல மாட்டேன். அவரும் யாரிடமோ வாங்கியிருக்கலாம். ஆனால் அவர் கேட்ட கேள்வி என்னை நிறுத்திவிட்டது. 1942-ல் ஒருவர் இந்த வாளை அறுத்தால் அதைக் கொண்டாடுகிறேன். எண்பது வருஷம் கழித்து இன்னொருவர் அறுத்தால் வயிறு எரிகிறது. எஃகுக்கு இரண்டும் ஒன்றுதான். ரம்பத்துக்கும் ஒன்றுதான். சேகரிப்பாளர்கள் எப்போதும் சொல்வது "கதையை வாங்காதே, பொருளை வாங்கு" என்று. அதன்படி பார்த்தால் நான் ஏமாறவே இல்லை. பொருள் அசல் பேட்டன் வாளின் எஃகு. போலி எஃகுக்குள் இல்லை, கதைக்குள்தான் இருந்தது. அப்படியானால் நான் வாங்கியது எதை?

முதலில் எனக்குத் தோன்றிய பதில், 1942-ல் அறுத்தவர் அன்பினால் அறுத்தார், இவர் காசுக்காக அறுத்தார் என்பது. சில நாள் அதை நம்பினேன். பிறகு அது நிற்கவில்லை. போர்க்காலத்திலும் கத்திகள் விலைக்குத்தான் விற்றன. கிளெண்டேல்காரர் செய்தது வியாபாரம். போருக்குப் போகும் பையனின் பயத்தை வைத்துச் சம்பாதித்தவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள். அடுத்ததாக, அன்று வாள்கள் மலிந்து கிடந்தன, இன்று மிஞ்சியவை கொஞ்சம், ஆகவே இன்று அறுப்பது பாவம் என்று சொல்லிப் பார்த்தேன். அது உண்மைதான். ஆனாலும் அதற்காக மட்டும் எனக்கு இவ்வளவு கோபம் வருமா என்று கேட்டுக்கொண்டால், வராது. ஒரு முழு வாளைத் துருப்பிடிக்க விட்டவர் மேல் எனக்கு வருத்தம் வரும், இந்தக் கோபம் வராது.

பெயின்ட் தெறித்த அலகு

அடுத்த வருஷம் சான் பெட்ரோ துறைமுகத்துப் பக்கம் ஒரு வீட்டில் சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். வீட்டுக்கார அம்மாவுக்கு எண்பது வயதுக்கு மேல். மகள் வீட்டோடு போய் இருக்கப் போவதால் எல்லாவற்றையும் ஒழித்துக்கொண்டிருந்தார். நான் கத்திகளைப் பற்றிக் கேட்டதும் கொட்டகைக்குக் கூட்டிப் போய், பெயின்ட் டப்பாக்கள் இருந்த தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "அப்பாவின் டப்பா திறப்பான்" என்றார்.

அலகு முழுக்க வெள்ளையும் இலைப் பச்சையுமாகப் பெயின்ட் தெறிப்பு. முனை ஒரு பக்கம் லேசாக மடங்கியிருந்தது. டப்பா மூடிக்கு அடியில் நுழைத்து நெம்பி நெம்பி வந்த மடங்கல். பிடியில் கறுப்பு பேக்லைட்டும் தோலும் மாற்றி மாற்றி அடுக்கி, கடைசியில் கையால் அரம் போட்ட ஒரு அலுமினியக் குமிழ். அலுமினியம் வெளுத்துச் சாம்பல் பூத்திருந்தது. பிடியை ஒட்டிய இடத்தில் பெயின்ட்டைக் கட்டைவிரல் நகத்தால் லேசாக நெருடினேன். அடியில் யு.எஸ். என்ற எழுத்துகளும், பாதி தேய்ந்த எண்ணும். அலகில் நீளப் பள்ளம் ஓடி முனையில் போய் விழுந்தது. கைப்பிடிப் பக்கப் பாதி.

அவர் சொன்ன கதை சின்னது. அவருடைய அப்பா துறைமுகத்தில் ஒரு மெஷின் ஷாப்பில் வேலை பார்த்தவர். அப்பாவின் தம்பி 1942-ல் கடற்படையில் சேர்ந்தபோது, பழைய ராணுவச் சாமான் கடையில் ஒரு வாளை வாங்கி வந்து, சனிக்கிழமை மதியம் அதை இரண்டாக அறுத்திருக்கிறார். முனைப் பாதிக்குப் புதிதாக வால் தேய்ப்பது கஷ்டமான வேலை. கைப்பிடிப் பாதியில் வால் தயாராகவே இருக்கிறது. சுலபமானதைக் கொடுத்திருக்கலாம். ஆனால் கைப்பிடிப் பாதிக்கு முனை கிடையாது, கையால் தீட்டித்தான் உண்டாக்க வேண்டும். "தம்பிக்குக் கம்பெனி போட்ட முனை போகட்டும், நான் தீட்டிய முனையை நம்பி அவன் போக வேண்டாம் என்று அப்பா சொன்னாராம்" என்றார் அந்த அம்மா. ஆகவே கஷ்டப்பட்டு முனைப் பாதிக்கு வால் தேய்த்து, தம்பிக்குக் கொடுத்தார். மிச்சமான பாதியை வீணாக்க மனமில்லாமல் தனக்குப் பிடி போட்டுக்கொண்டார். சித்தப்பா முழுசாகத் திரும்பி வந்தார். அந்தக் கத்தி வரவில்லை. ஏதோ ஒரு தீவில் சிகரெட்டுக்கும் ஒரு ஜப்பானியக் கொடிக்கும் மாற்றிக்கொண்டுவிட்டாராம். அதற்காக அப்பா கொஞ்ச நாள் கோபமாக இருந்தார் என்று சொல்லி அவர் சிரித்தார்.

நான் அந்தக் கொட்டகையில் நின்றுகொண்டு அலகையே பார்த்துக்கொண்டிருந்தேன். இது போருக்கே போகாத கத்தி. சேகரிப்புச் சந்தையின் கணக்குப்படி இதற்குப் பெரிய விலை கிடையாது. தயாரிப்பாளர் பெயர் இல்லை, உறை இல்லை, போர்முனைக்குப் போன சான்று இல்லை, மேலெல்லாம் பெயின்ட். என் மேசை மேல் இருந்த போலியோ பார்க்க அசல் போர்வீரன் மாதிரி இருந்தது. ஆனால் இந்தக் கையால் தீட்டிய முனையில் அரத்தின் கோடுகள் ஒரே சாய்வாகப் போகாமல், பாதியில் கை மாறி, எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. அறுத்தவர் ஒரு பக்கம் முடித்துவிட்டுக் கிடுக்கியைத் திருப்பி வைத்திருக்கிறார். எதை யாருக்குக் கொடுப்பது என்று யோசித்த ஒரு மனுஷன், அந்தச் சனிக்கிழமை மதியம், அந்த இரும்பில் இருந்தார்.

வியாபாரியின் கேள்விக்கு எனக்குப் பதில் மாதிரி ஒன்று கிடைத்தது அங்கேதான். அன்புக்காக அறுத்தார்களா காசுக்காக அறுத்தார்களா என்பது அல்ல விஷயம். 1942-ல் அறுத்த எல்லாருக்கும், கிளெண்டேல் வியாபாரிக்கும் சேர்த்து, அந்தக் கத்தி தேவையாக இருந்தது. ஒருவன் போகப் போகிறான், கையில் ஒன்றும் இல்லை, கடையில் கத்தி இல்லை, வாள் இருக்கிறது. அந்த இக்கட்டுதான் ரம்பத்தைப் பிடித்தது. அறுத்த தடம் ஒவ்வொன்றும், அன்றைக்கு ஒரு நாட்டுக்கு என்ன பற்றாக்குறை இருந்தது, ஒரு வீட்டில் என்ன பயம் இருந்தது என்பதற்கான எழுத்து. என் போலிக் கத்தியை அறுத்த கைக்கு அப்படி எந்த நெருக்கடியும் இல்லை. யாருக்கும் தேவைப்படாத ஒரு வெட்டு அது. அந்த வெட்டு, தேவைப்பட்ட வெட்டைப் போல எழுதிக் காட்டுகிறது. இப்படிப் பத்துப் பேர் எழுதினால், உண்மையாகவே தம்பிக்காக வால் தேய்த்தவரின் எழுத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள். அந்த அம்மா சொன்ன கதையை என்னால் இன்றைக்கு ஒருவரிடமும் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாமல் போனதில் போலிக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. எனக்கு நஷ்டம் அதுதான்.

எழும்பூரில்

போன முறை ஊருக்கு வந்தபோது சென்னையில் ஒரு நாள் கிடைத்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் ஆயுதங்கள் இருக்கும் கூடத்துக்குப் போனேன். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்தது. அப்போது பீரங்கிகள்தான் கண்ணில் பட்டன. இந்த முறை கட்டாரிகளுக்கு முன்னால் நின்றேன். எச் வடிவப் பிடியைக் குறுக்கே பற்றி, முஷ்டியால் குத்துவது போலக் குத்தும் கத்தி. அலகுகளின் பள்ளத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்றில் நின்றுவிட்டேன். பள்ளம் நேராக ஓடி முனையில் விழுந்தது.

பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் கப்பல் வழியாக ஐரோப்பிய வாள் அலகுகள் நம் கரைக்கு நிறைய வந்தன. முழு அலகுக்கு நம் ஊர்ப் பிடி போட்டால் அதற்குப் பரங்கி வாள் என்றே பெயர். உடைந்த அலகையும் நீளம் போதாத அலகையும் வீணாக்கவில்லை. அறுத்து, கட்டாரிப் பிடியின் இரண்டு தாங்கு தகடுகளுக்கு நடுவே வைத்து ரிவெட் அடித்தார்கள். தஞ்சாவூர்க் கட்டாரிகளில் இப்படி மறுபிறவி எடுத்த ஐரோப்பிய அலகுகள் நிறைய உண்டு. எங்கோ ஜெர்மனியிலோ ஸ்பெயினிலோ பதம் போட்ட இரும்பு, தஞ்சைக் கொல்லன் கையில் சுருங்கி, நாயக்கர் காலத்து யாளி முகப் பிடியோடு நிற்கிறது. கிளெண்டேலில் நடந்தது முன்னூறு வருஷத்துக்கு முன்பே காவிரிக் கரையில் நடந்திருக்கிறது. அறுத்ததை மறைக்கவும் அந்தக் கொல்லர் முயலவில்லை. பள்ளம் முனை வரை ஓடுவதை அப்படியே விட்டுவிட்டார்.

அந்த ஆயுதசாலைக்கு என்ன ஆனது என்பதும் நினைவுக்கு வந்தது. தஞ்சை அரசு பிரிட்டிஷார் கைக்குப் போன பிறகு, 1860-களில், அதிலிருந்து நல்லவை என்று பட்டதைச் சென்னை அருங்காட்சியகத்துக்கு எடுத்துக்கொண்டு, மிச்சம் மலைபோல் கிடந்ததை உடைத்துப் பழைய இரும்பு விலைக்கு விற்றார்கள். அந்த உடைப்பிலிருந்து எத்தனை கலப்பைக் கொழுவும் அருவாளும் வந்தனவோ. அவற்றில் ஏதாவது ஒன்று இன்று கிடைத்தால், அதன் மேல் எனக்குக் கோபம் வராது, அதை அடித்தவர் மேலும் வராது. உடைக்கச் சொன்னவர்கள் மேல்தான் வரும்.

ஜப்பானில் இதையே இன்னும் கவனமாகச் செய்திருக்கிறார்கள். பழைய நீள வாள்களைப் பிற்காலத்தில் சுருக்கியபோது முனையைத் தொடவில்லை, பிடிக்குள் போகும் வால் பக்கம் அறுத்தார்கள். செய்தவரின் கையெழுத்து அந்த வாலில்தான் இருக்கும். அறுத்தால் போய்விடும். அதை இழக்க மனம் வராத சிலர், கையெழுத்து உள்ள பகுதியை மெல்லிய தகடாக விட்டு, மடித்து, மறுபக்கம் பதித்துவிட்டார்கள். எழுத்து தலைகீழாக நிற்கும். வாள் சுருக்கப்பட்டது என்பதும் யார் செய்தது என்பதும் ஒரே இடத்தில் தெரியும். நான் அதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் அதைப் பார்த்த பிறகுதான் என் மேசை மேல் இருந்த போலியை என்ன செய்வது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

தூக்கிப் போடலாம் என்றார் ஒரு நண்பர். விற்றுவிடலாம், உண்மையைச் சொல்லியே விற்கலாம் என்றார் இன்னொருவர். நான் உண்மையைச் சொல்லி விற்றாலும், வாங்கியவர் அடுத்தவரிடம் சொல்வார் என்று என்ன நிச்சயம்? இரண்டு கை மாறினால் மறுபடி அது தராவாவுக்குப் போய்வந்த கத்தியாகிவிடும். தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. அதன் எஃகு 1910-களில் ஒருவர் அக்கறையோடு பதம் போட்டது. அந்த எஃகு ஒரு பொய்யும் சொல்லவில்லை.

சான் பெட்ரோ கத்தியின் பெயின்ட்டைத் துடைக்கச் சொல்லிப் பலர் சொல்லிவிட்டார்கள். அசிட்டோனில் ஒரு நிமிஷ வேலை, விலை இரண்டு மடங்காகும் என்றார்கள். நான் தொடவில்லை. தையல் மெஷின் எண்ணெயை மட்டும் பஞ்சில் தொட்டு, பெயின்ட் இல்லாத இடங்களில் தடவி வைக்கிறேன். ஒருநாள் இரண்டையும் மேசையில் நீள வாக்கில், அறுத்த பக்கம் அறுத்த பக்கத்தைப் பார்க்க வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. அகலமும் பள்ளத்தின் ஆழமும் கொஞ்சம் கொஞ்சம் தப்பின. பொருந்தாது என்று தெரிந்தேதான் வைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, நகை வேலைக்குப் பயன்படுத்தும் சின்ன எழுத்து வெட்டும் கருவி ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். போலிக் கத்தியின் பிடியைக் கழற்றி, வாலைக் கிடுக்கியில் பிடித்து, பசையை முழுக்கச் சுத்தம் செய்தேன். அடுத்து வைத்திருப்பவருக்குப் புரிய வேண்டும் என்பதால் ஆங்கிலத்தில்தான் எழுதினேன். 1913 மாடல் வாளின் முனைப் பாதி. அறுத்தது 2000-க்குப் பிறகு. போரில் செய்ததல்ல. எழுத்துகள் கொஞ்சம் கோணலாக வந்தன, ஆனால் ஆழமாக வந்தன. கடைசி எழுத்து முடிந்ததும் ஊதித் துடைத்துவிட்டு, எண்ணெய் தடவி, தோல் வட்டுகளை ஒவ்வொன்றாகப் பழைய வரிசையிலேயே கோத்தேன். இந்த முறை பசை போடவில்லை. யார் வேண்டுமானாலும் கழற்றிப் பார்க்கும்படி ஒரு திருகு மட்டும் முடுக்கி வைத்திருக்கிறேன்.